பாகற்காய் படைக்கும் கோயில்

அறந்தாங்கியிலிருந்து மீமிசல் போகிற சாலையில் 14 கிலோமீட்டர் போனால் ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகர் காலத்துப் பெயர் திருப்பெருந்துறை. அங்கே சுவாமிக்கு உருவம் கிடையாது. கருவறையில் ஆவுடை இருக்கிறது. அதன்மேல் இருக்க வேண்டிய லிங்கம் இல்லை. நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. அம்பாள் யோகாம்பிகைக்கும் திருவடிகள் மட்டுமே, அவற்றையும் பலகணி வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

உருவமில்லாத சாமிக்கு நைவேத்தியமும் உருவமில்லாததுதான். புழுங்கல் அரிசியை வடித்து, கருவறைக்கு எதிரே இருக்கிற படைகல்லில் சுடச்சுடக் கொட்டிப் பரப்புவார்கள். கூடவே கீரையும் பாகற்காயும். சோற்றிலிருந்து எழுகிற ஆவிதான் ஆத்மநாதருக்கு. குவியலின் உச்சியில் கெட்டியாகக் கிளம்பும் ஆவி, ஒரு முழம் உயர்வதற்குள் மெலிந்து, தூணின் நிழலைத் தாண்டும்போது காணாமல் போய்விடும். அது எந்த இடத்தில் மறைகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று சின்ன வயதில் கண்ணிமைக்காமல் நின்றிருக்கிறேன். ஒருமுறைகூடப் பிடிபட்டதில்லை.

“சாமிக்கு ஏம்மா பாவக்கா?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

“எதக் குடுத்தாலும் ஆவியத்தான எடுத்துக்கிறாரு. கசப்பு நமக்குத்தான்” என்றார். அதற்குமேல் விளக்கம் இல்லை. பொங்கல் படைக்கிறோம், பஞ்சாமிர்தம் படைக்கிறோம். கசக்கிற ஒரு காயை அன்றாடம் கடவுள் முன்னால் கொண்டுபோய் வைக்கிற கோயில் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது என்பதன் அருமை எனக்குப் புரிய, ஒரு பங்காளிச் சண்டை முடிகிறவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கீரமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்று. பெரியப்பா மகன், சித்தப்பா மகன் இருவர். பெரியவர் தென்னை ஏறுகிறவர். சின்னவர் தேங்காய் உரிக்கிறவர். தரையில் நட்ட இரும்புக் கூரில் காயைக் குத்தி, ஒரு திருகு திருகி, மட்டையைக் கழற்றிப் போடுவார். அண்ணன் பறித்துப் போட்டதைத் தம்பி உரிப்பார். இருவருக்கும் அதுதான் சோறு. அவர்கள் தாத்தா இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னம்பிள்ளை வைத்துவிட்டுப் போனார். மற்ற மரங்களின் இளசைப் பெரும்பாலும் கன்று என்கிறோம், தென்னையைப் பிள்ளை என்கிறோம். அந்தப் பிள்ளை வளர்ந்து மரமானதும், அது யார் பங்கு என்ற கேள்வி வந்தது.

நன்றாகக் காய்க்கிற தென்னை ஆண்டுக்கு 80, 100 காய் தரும். பங்கு போட்டால் மிஞ்சிமிஞ்சி ஆளுக்கு ஐம்பது காய். அந்த ஐம்பது காய்க்காக நடந்ததை அடுக்கினால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கே பலமுறை வந்திருக்கிறது. பெரியவர் தன் நாய்க்குத் தம்பியின் பெயரை வைத்தார். நாள்தோறும் அந்தி நேரத்தில் வாசலில் நின்று, அந்தப் பெயரைச் சொல்லி, சோறு தின்ன வாடா என்று கூப்பிடுவார். தம்பி வீட்டுக் கல்யாணத்தன்று இவர் வீட்டுக் கூரையில் ஒலிபெருக்கி கட்டி, காலை முகூர்த்த நேரத்துக்குச் சரியாக ஒப்பாரி போட்டார்கள். பதிலுக்குச் சின்னவர், அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்கு முதல் நாள் இரவு வாசலில் பாடை கட்டுகிற பச்சை மூங்கில் இரண்டைக் கொண்டுவந்து சாத்திவிட்டுப் போனார். சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார். வழக்கு நடந்தது. வக்கீலுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு தோப்பே வைத்திருக்கலாம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து நின்றது. அந்த நாய் மட்டும் இரண்டு வீட்டிலும் சோறு தின்றது.

பகு என்ற வேரிலிருந்துதான் பங்கும் பிறக்கிறது, பகையும் பிறக்கிறது என்பார்கள் சொல்லாராய்ச்சி செய்தவர்கள். பங்கு இல்லாதவனோடு நமக்குப் பகை ஏது? யாரோ ஊர்பேர் தெரியாதவன் நம் நாயைக் கல்லால் அடித்தால் இரண்டு நாளில் மறந்துபோகும். ஒரே அடுப்புச் சோறு தின்றவன், நம் நாயை முறைத்துப் பார்த்தால்கூட இருபது வருஷம் நெஞ்சில் நிற்கிறது. உறையூரில் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதிக்கொண்டபோது இடையில் போய் நின்ற கோவூர்கிழார் இதைத்தான் பார்த்தார். உன் எதிரில் நிற்பவன் பனம்பூ சூடிய சேரனுமில்லை, வேம்பு சூடிய பாண்டியனுமில்லை, உன் மாலையும் ஆத்தி, அவன் மாலையும் ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று சொன்னார். புறநானூற்றில் அந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முடிமன்னர்கள் நினைவுக்கு வருவதில்லை. கீரமங்கலம் பக்கத்து வேலி ஓரம்தான் நினைவுக்கு வரும்.

வழக்கு இழுத்துக்கொண்டே போகவும், பெரியவர் சிவகங்கைச் சீமைக்குப் போய் கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலில் காசு வெட்டிப் போட்டார். எங்கள் பக்கத்து ஏழைகளுக்கு அதுதான் உச்ச நீதிமன்றம். போலீசும் பஞ்சாயத்தும் கேட்காததை அம்மன் கேட்பாள் என்ற நம்பிக்கையில் மக்கள் அங்கே போகிறார்கள். ஒரு நாணயத்தை இரண்டாக வெட்டி அவள் முன்னால் போட்டுவிட்டால், தப்பு செய்தவனை அவள் பார்த்துக்கொள்வாள். அண்ணன் காசு வெட்டிய சேதி வந்த அடுத்த வாரமே தம்பியும் போய் வெட்டிப் போட்டார். ஒரே தாத்தாவின் பேரன்மார் இருவர், ஒரே அம்மனிடம், ஒரே மரத்துக்காக.

அந்த நம்பிக்கையை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். அரிவாளைத் தூக்க வேண்டிய கை ஒரு காசை வெட்டிவிட்டுத் திரும்பியது என்றால், அங்கே ஓர் உயிர் தப்பியிருக்கிறது. தன் கோபத்தைத் தன்னைவிடப் பெரிய ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு வருவது பக்தியில் ஒரு படிதான். ஆனால் இருவரும் ஒப்படைத்துவிட்டு வரவில்லை. வாயிதா கேட்டு வந்தார்கள். எதிர்வீட்டில் ஆடு செத்தால் காசு பலித்தது என்றார்கள், தன் வீட்டில் ஆடு செத்தால் அவன் காசு என்று பயந்தார்கள். ஒருவர் வீட்டை ஒருவர் இரவும் பகலும் பார்த்தபடியே இருந்தார்கள். எந்தத் தெய்வத்தையும் அப்படி ஒருமுகமாக அவர்கள் தியானித்ததில்லை.

நாம் பழி வாங்குவது என்கிறோம். தமிழில் அந்தச் சொல் எப்படி அமைந்தது என்று நினைத்து நினைத்து வியந்திருக்கிறேன். பழி கொடுப்பது என்று யாரும் சொல்வதில்லை, வாங்குவது என்றுதான் சொல்கிறோம். வாங்கிய பொருள் யார் வீட்டுக்கு வரும்?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி உள்ளே புகுந்த காற்று, எங்கள் பக்கத்துத் தென்னைகளைத் திருகிப் போட்டது. தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட தோப்புகள் விடிந்தபோது படுத்துக் கிடந்தன. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்ற அந்தத் தென்னையும் விழுந்தது. அடிமரம் பெரியவர் மாட்டுக்கொட்டகையை நசுக்கியது, கொண்டை சின்னவர் அடுப்படி ஓட்டை உடைத்தது. யார் காசு பலித்தது என்று ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஊர் முழுக்க அப்படிக் கிடந்தபோது கேட்கவும் யாருக்கும் மனமில்லை. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் ஒரே அண்டாவில் சமைத்துச் சாப்பிட்டார்கள். இவர்கள் இருவரும் அந்தச் சோற்றைத் தின்றார்கள், ஆனால் பேசவில்லை. சண்டைக்குக் காரணமான மரம் போனபிறகும் சண்டை அதே இடத்தில் நின்றது. அதைத்தான் நான் அன்று புதிதாகப் பார்த்தேன். மரம் எப்போதோ அவர்களுக்கு ஒரு சாக்காகிவிட்டிருந்தது.

2020இல், ஊரடங்கு நேரத்தில், பெரியவர் இறந்துபோனார். அவருடைய ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். விமானம் இல்லை. சாவுக்கு இருபது பேருக்குமேல் கூடக் கூடாது. இங்கே சின்னவர் வீட்டிலோ, கடைசி மகளுக்குக் கல்யாணம் வைத்துப் பத்து நாள்தான் இருந்தது. பங்காளி செத்தால் பங்காளிக்குத் தீட்டு. பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வழக்கு நடந்தாலும், காசு வெட்டிப் போட்டிருந்தாலும் தீட்டு தீட்டுதான். கருமாதி முடிகிறவரை அந்த வீட்டில் நல்ல காரியம் கிடையாது. “இருந்தும் கெடுத்தாரு, செத்தும் கெடுத்தாரு மனுசன்” என்று சின்னவர் மனைவி வாசலில் நின்று சத்தம் போட்டு அழுதார். அது கோபமா துக்கமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

தீட்டை வெறும் மூடவழக்கம் என்று தள்ளுகிறவர்கள் உண்டு. அந்த நாளில் அது எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. இருபது வருஷமாக அவன் எனக்கு யாருமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதனைப் பார்த்து, உன் வீட்டில்தான் சாவு விழுந்திருக்கிறது என்று சொல்ல அந்த ஒரு வழக்கம்தான் மிச்சம் இருந்தது. கொள்ளி வைக்க வேறு ஆள் இல்லை. சின்னவர் மொட்டை போட்டுக்கொண்டு, கொள்ளிச்சட்டியைப் பிடித்து முன்னால் நடந்தார். சட்டியைத் தொங்கவிட்ட கயிறு அவர் விரல்களில் இறுகியிருந்தது. தேங்காய் உரித்து உரித்துக் காய்த்துப்போன விரல்கள், அன்று நடுங்கின. மகன் போனில் பார்த்துக்கொண்டிருந்தான். “அண்ணே, அண்ணே” என்று மட்டும் சின்னவர் சுடுகாடு வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலமாயிற்று என்று ஊரார் விரல்விட்டு எண்ணினார்கள்.

இந்தச் சண்டையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய கதையும் நினைவுக்கு வரும். புதுக்கோட்டைச் சீமையில் கொடும்பாளூர் என்று ஓர் ஊர் இருக்கிறது, விராலிமலைக்குத் தெற்கே, மதுரை நெடுஞ்சாலையை ஒட்டி. இருக்குவேளிர் ஆண்ட இடம். பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தன் தேவியர் இருவர் பெயராலும் மூன்று கோயில்களை அங்கே எழுப்பினார், மூவர் கோயில் என்கிறோம். இன்று இரண்டுதான் நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் கிடக்கிறது. தன் குலத்தார் யார் யாரை வென்றார்கள் என்று அவர் கல்லில் வெட்டி வைத்தார். ஆராய்ச்சியாளர்கள் அதைப் படிக்கிறார்கள். அதே ஊரில் ஆண்ட இடங்கழி நாயனாரை மட்டும் பெரியபுராணம் கேட்ட பாட்டிமார்களுக்கும் தெரியும். அடியார்க்கு அமுது படைக்க நெல் கிடைக்காமல், ஒரு தொண்டர் நள்ளிரவில் அரண்மனைக் களஞ்சியத்தில் புகுந்து நெல் திருடிவிட்டார். காவலர்கள் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். ஏன் எடுத்தாய் என்று அரசர் கேட்டார். காரணத்தைக் கேட்டதும் கட்டவிழ்த்துவிட்டார். அதோடும் நிற்கவில்லை. களஞ்சியத்தையே அடியார்கள் கொள்ளையிட்டுக்கொள்ளலாம் என்று பறையறைவித்தார்.

எனக்கு அந்தக் கதையில் பிடித்தது ‘ஏன் எடுத்தாய்’ என்ற கேள்வி. அரசரிடம் தண்டனை கையில் இருந்தது, சட்டமும் அவர் பக்கம் இருந்தது. இருந்தும் கேட்டார். இந்தப் பங்காளிகள் இருவரில் ஒருவரும் இருபது வருஷத்தில் மற்றவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சின்னப் பதில் வந்திருக்கும். பெரியவர் மகன் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்தான். இளநீர் வேண்டும் என்று அந்த மரத்தில் ஏறினார். தம்பியைக் கேட்காமல் ஏறினார். சண்டை அங்கேதான் தொடங்கியது. இதை அவர் மனைவி பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரியில் வைத்துப் பாடினார். அதுவரைக்கும் சின்னவருக்குத் தெரியாது.

கோயில்களெல்லாம் திறந்தபிறகு, மார்கழியில் சின்னவரை ஆவுடையார்கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனேன். மகள் கல்யாணம் தள்ளிப்போய் ஐப்பசியில் நடந்து முடிந்திருந்தது. தலையில் முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது, அதில் பாதிக்குமேல் வெள்ளை. இருவரும் பேசாமல் நின்றோம். சோற்றைக் கொட்டினார்கள். கல்லின் மேல் வெள்ளையாகப் பரந்தது. ஆவி எழுந்தது, மெலிந்தது, போயிற்று. சோறும் கீரையும் பாகற்காயும் அப்படியே கிடந்தன.

திரும்பி வரும்போது கேட்டார்: “தம்பி, கொல்லங்குடியில வெட்டிப்போட்ட காச, சமாதானமானா ரெண்டு பேரும் சேந்து போயிதான் முறிச்சுட்டு வரணும்பாங்க. இப்ப அண்ணன் இல்லையே, என்ன செய்யிறது?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். அண்ணன் மகன் வந்ததும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவரே சொன்னார்.

வீட்டில் அன்று அவர் மனைவி பாகற்காய் வதக்கியிருந்தார். இலையில் விழுந்த முதல் துண்டைச் சின்னவர் எடுத்துத் தனியாக ஓரத்தில் வைத்தார்.

“அண்ணனுக்குப் பாவக்கான்னா உசுரு” என்றார்.