அசோகவனத்தில் அனுமன் செய்த கைங்கர்யம்

திருக்கோயில் வழக்கில் ‘கட்டளை’ என்பது தொன்மையான சொல். திருவிளக்குக் கட்டளை, திருமாலைக் கட்டளை, ததியாராதனக் கட்டளை என்று முன்னோர் தத்தம் சக்திக்கேற்ப நிலமும் பொருளும் எழுதிவைத்தனர். கொடுத்தவர் காலம் முடிந்த பின்னரும் கைங்கர்யம் முட்டின்றி நடைபெற வேண்டும் என்பதே அதன் தாத்பர்யம். இக்காலத்து அறக்கட்டளைகளும் அவ்வழியில் வந்தவையே. பசித்தோர்க்கு அன்னம், மாணவர்க்குக் கல்வி, நோயுற்றோர்க்கு மருந்து எனப் பல தர்மங்கள் அவற்றால் நடைபெறுகின்றன. ஆயின், மனம் நொந்து, புத்தி கலங்கி, உறக்கமும் பேச்சும் இழந்து கிடப்பவனுக்கென்று எத்தனை ஊர்களில் ஒரு கட்டளை உண்டு? கால் முறிந்தவனைப் பார்க்க ஊரார் பழம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். மனம் முறிந்தவன் வீட்டு வாசலை ஒருவரும் மிதிப்பதில்லை. அவ்வீட்டாரும், உடன்பிறந்தாளின் விவாகம் தடைப்படுமோ என்று அஞ்சிக் கதவைச் சாத்திக்கொள்கின்றனர்.

இந்தக் கைங்கர்யத்தை எங்ஙனம் செய்வது என்பதற்கு ஸ்ரீமத் ராமாயணத்தில் ஸுந்தர காண்டத்தைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை.

அசோகவனத்தில் பிராட்டி இருந்த இருப்பை ஆஸ்திகர் அனைவரும் அறிவர். இராவணன் வைத்த கெடு ஒருபுறம். அரக்கியரின் மிரட்டல் மறுபுறம். ஊணும் உறக்கமும் ஒழிந்து, தன் கூந்தற்பின்னலையே கயிறாகக் கொண்டு உயிரை விட்டுவிடலாம் என்று எண்ணும் எல்லைக்கே பிராட்டி வந்துவிட்டாள். லோகமாதாவாகிய அவளுக்கு அந்நிலை வந்ததை வால்மீகி பகவான் மறைக்கவில்லை. ‘பக்தி குறைந்தவர்களுக்கே மனம் கலங்கும்’ என்று பிறரைப் பழிப்பவர்கள் அந்த ஸர்க்கத்தை ஒருமுறை ஊன்றிப் பாராயணம் செய்யட்டும். துயரம் எல்லை மீறும்போது மகாஞானிகளின் உள்ளமும் தளரும். தளர்ந்தவர்க்கு வேண்டுவது கண்டனமன்று; துணை.

அத்துணையாக வந்தவன் திருவடி. அவன் செய்தவற்றை வரிசையாக அனுஸந்தித்தால், அறக்கட்டளைகளுக்கு நான்கு கடமைகள் புலப்படும்.

முதலாவது, அழைக்காமலே தேடிச் சென்றது. பிராட்டி அனுமனை அழைக்கவில்லை. அவனை அறியவும் மாட்டாள். அவனே கடலைக் கடந்தான். இலங்கையில் மாளிகைதோறும் தேடினான். மனநோயின் இயல்பு, உதவி கேட்கும் சக்தியையே அது முதலில் பறித்துக்கொள்வதாகும். ஆகையால், ‘எங்கள் வாயில் திறந்தே இருக்கிறது, வேண்டுவோர் வரட்டும்’ என்று ஒரு தர்ம ஸ்தாபனம் வாளாவிருத்தல் போதாது. சென்னையில் 1984ஆம் ஆண்டு டாக்டர் சாரதா மேனன் அம்மையார் முதலியோர் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், 2010ஆம் ஆண்டு முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தையே வைத்தியசாலையாக்கிக் கிராமங்களுக்கு அனுப்பிற்று. நோயாளி அப்பேருந்தில் அமர்ந்து, சென்னையிலுள்ள மருத்துவரைத் திரையிற் கண்டு பேசுவார்; மருந்தும் பேருந்திலேயே இலவசமாகக் கிடைக்கும். பட்டணம் போய்வரப் பணமில்லாமலும், பஸ் ஏற மனத்தெம்பில்லாமலும் இருந்தவர்களை வைத்தியமே தேடிச் சென்றது.

இரண்டாவது, எந்த மொழியிற் பேசுவது என்று ஆராய்ந்தது. நவவியாகரண பண்டிதனாகிய அனுமன், ஸம்ஸ்கிருதத்தில் பேசினால் இராவணனோ என்று பிராட்டி அஞ்சுவாள் என எண்ணி, எளிய மானிட மொழியைத் தேர்ந்துகொண்டான். மரக்கிளையில் மறைந்திருந்தபடியே இராமகதையை இனிமையாகச் சொன்னான். அவள் ஐயுற்றபோதும் சினவாமல் மீண்டும் மீண்டும் தெளிவித்தான். நம்பிக்கை பிறந்த பின்னரே கணையாழியைக் கொடுத்தான். மனம் நொந்தவரிடம் சாஸ்திர பாண்டித்தியத்தைக் காட்டுவோரும், ‘தைரியமாயிரு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோரும் இவ்விடத்தைக் கவனிக்க வேண்டும். சென்னையில் 1986ஆம் ஆண்டு தோன்றிய ஸ்நேஹா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பின் தொண்டர்கள், பயிற்சி பெற்று, குறை கூறாமல், உபதேசம் செய்யாமல், பொறுமையோடு செவிசாய்ப்பதையே கைங்கர்யமாகக் கொண்டவர்கள். ஓர் அறக்கட்டளை ஊருக்குப் பத்துப் பேரை இங்ஙனம் பயிற்றுவித்தால், அது பத்து மண்டபம் கட்டியதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, பலவந்தம் செய்யாதது. ‘என் தோளில் ஏறுக, இப்பொழுதே கொண்டு சேர்ப்பேன்’ என்று அனுமன் விண்ணப்பித்தான். பிராட்டி இசையவில்லை, காரணமும் கூறினாள். தூக்கிச் செல்லும் வலிமை இருந்தும் அவன் அவள் திருவுள்ளத்திற்குக் கட்டுப்பட்டான். இதற்கு நேர்மாறாக உலகில் நடப்பது என்ன? புத்தி கலங்கியவரைச் சங்கிலியால் பிணைத்தல் பல சமயத்தாரிடத்தும் நெடுங்காலமாக இருந்துவந்த கொடுமை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில், ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியிற் கட்டுண்டு கிடந்தோர் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே விட்டுச் சென்ற பெற்றோர் யாவரும் அன்பற்றவர்கள் என்று சொல்ல முடியாது. போக்கிடம் அறியாதவர்களே பலர். அந்தப் போக்கிடத்தைக் காட்டாமற் போன ஸமுதாயத்திற்கும் அப்பழியில் பங்குண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடுத்திருக்கிறது. சட்டம் சங்கிலியை அகற்றும். அகன்ற சங்கிலியின் இடத்தில் அன்பான கைகளை வைப்பது தர்மவான்களின் கடமை.

நான்காவது, தன் எல்லையை அறிந்து, தீர்க்க வல்லவரிடம் சேர்த்தது. பிராட்டியின் துயரைத் தானே முற்றும் தீர்த்துவிட்டதாக அனுமன் கருதவில்லை. சூடாமணியைப் பெற்றுக்கொண்டு பெருமாளிடம் விரைந்தான். மீண்டும் பெருமாளோடு வந்தான். ஆறுதல் சொல்லும் தொண்டனும் அவ்வாறே. தேற்றுவது அவன் பணி. நோயை நிதானித்து மருந்து கொடுப்பது வைத்தியர் பணி. பிரார்த்தனை செய்தால் மருந்தை நிறுத்திவிடலாம் என்று சொல்வது பகவானுக்கு உகந்த வார்த்தையாகாது. வைத்தியத்திற்கு அதிதேவதையாகத் தன்வந்தரியாய் அவதரித்தவனும் அவனே அன்றோ?

நம் ஸம்பிரதாயம் மருந்தையும் ஸந்நிதியையும் பிரித்துப் பார்த்ததில்லை. பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் மூன்று நதிகள் கூடும் திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் கோயிற் கல்வெட்டு இதற்குச் சான்று. 11ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், அக்கோயிலைச் சார்ந்து வேதபாடசாலையும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையும் நடைபெற்றன. வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள் ஆகியோர்க்கு நிவந்தம் விதித்த அக்கல்வெட்டு, சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களையும் கூறுகிறது. அவற்றுள் ஒன்று புராண கிருதம் என்னும் பழநெய். உன்மாத ரோகத்திற்குச் சரக ஸம்ஹிதை சிறப்பித்துச் சொல்லும் மருந்தும் அதுவே. அந்த ஸம்ஹிதை மருந்தோடு நில்லாமல், நண்பர்கள் நல்வார்த்தை கூறித் தேற்றுவதையும் சிகிச்சையாகவே விதிக்கிறது.

காவேரிக் கரையிலுள்ள குணசீலத்தில் பிரஸந்ந வேங்கடாசலபதி ஸந்நிதிக்குச் சித்தம் கலங்கியோரை அழைத்து வந்து, 48 நாள் தங்கச் செய்து, உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலும் தீர்த்தம் தெளிப்பது வழக்கம். அங்கே கோயிலையொட்டி மனநல மறுவாழ்வு மையமும் அமைந்திருப்பது பொருத்தமே. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளைப் பெங்களூரைச் சேர்ந்த மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டனர். சராசரி ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ நூற்றுக்கு இருபது பங்கு குறைந்திருந்தன. அங்கே சங்கிலி இல்லை, அதட்டல் இல்லை. உடன் ஓர் உறவினர் இருந்தார். கோயிலிற் செய்வதற்குச் சிறு வேலைகள் இருந்தன. இதனால் மருந்து வேண்டாவென்று முடிவு கொள்வது பிழை. அச்சமற்ற சூழலும் அன்பும் மருந்துக்கு இணையாக வேண்டப்படுவன என்பதே இதிற் கொள்ளத்தக்கது.

ஆகவே ஓர் அறக்கட்டளை செய்யத்தக்கவை பல. மாதம் ஒருமுறை மனநல மருத்துவரை ஊருக்கு வரவழைக்கலாம். ஏழை நோயாளியின் மாத்திரை ஒரு நாளும் தடைப்படாமல் பொறுப்பேற்கலாம். இரவும் பகலும் கண்விழித்துப் பார்த்துக்கொள்ளும் தாய்க்கு வாரத்தில் அரைநாளாவது ஓய்வு கிடைக்க ஒருவரை அனுப்பலாம். குணமடைந்தவர்க்கு நந்தவனத்திலோ மடைப்பள்ளியிலோ ஊதியத்தோடு வேலை தரலாம்; மனிதனைத் தலைநிமிர்ந்து நடக்கச் செய்வது ஊரார் அவனிடம் ஒப்படைக்கும் வேலையே. 2022ஆம் ஆண்டு தொடங்கிய டெலிமானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416 என்பதைக் கோயிற் பலகையில் எழுதி வைக்கலாம்; அதற்குச் செலவு ஒரு டப்பா வர்ணமே.

உத்ஸவ காலத்தில் எம்பெருமான் கர்ப்பகிருஹத்தை விட்டு வீதிக்கு எழுந்தருள்வது ஏன்? கோயிலுக்கு வர இயலாத முதியோரும் பிணியாளரும் தத்தம் வாசலிலேயே சேவிக்க வேண்டும் என்னும் பேரருளால். திருத்தேர் வரும் வீதியில் எல்லா வாசலிலும் கோலமும் குத்துவிளக்கும் இருக்க, ஒரு வீடு மட்டும் கதவடைத்திருந்தால், உள்ளே ஒரு ஜீவன் தவித்திருக்கிறது என்று பாகவதர்கள் உணர்வாராக. தேர் நிலைக்கு வந்த மறுநாள் அக்கதவை மெல்லத் தட்டி, பிரஸாதத்தோடு உள்ளே சென்று, சற்று நேரம் உடனமர்ந்து வருவாராக. பெருமாள் வீதிவரை வந்தான். வாசற்படி கடந்து உள்ளே செல்வதை அடியார்களுக்கென்று மீதம் வைத்திருக்கிறான். அந்தக் கைங்கர்யம் ஊர்தோறும் கட்டளையாக நிலைபெற எம்பெருமான் திருவருள் புரிவானாக.

சுபம்.