தபால்காரருக்குத் தரகு எதற்கு?

சந்தவாசல் உள்ளிட்ட ஆரணி வட்டாரத்துக் கைத்தறிகளில் இறங்கும் பட்டுச்சேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. விசைத்தறிச் சேலையொன்றை அந்தப் பெயரில், பாதி விலைக்கு, இணையச் சந்தையில் யாரோ விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொய் சொன்னவர் விற்றவர். கடை விரிக்க இடம் கொடுத்த நிறுவனத்துக்கு அந்தப் பொய்யில் பங்கு உண்டா?

யாரோ விற்க வைத்த ஆபாசக் காணொளிக்காக 2004 டிசம்பரில் பாஸீ என்ற இணையச் சந்தையின் தலைவர் அவ்னிஷ் பஜாஜ் கைதானார். 2008-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு திருத்தப்பட்டது: பிறர் பதிவிட்டதற்கு இடைத்தரகரான தளம் பொறுப்பல்ல; சட்டவிரோதம் எனத் தெரிந்தும் நீக்காவிட்டால் பொறுப்பு உண்டு. நீதிமன்ற ஆணையோ அரசு அறிவிப்போ வந்தால்தான் 'தெரிந்தது' ஆகும் என்று 2015-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பேச்சுக்கு அது நல்ல வேலி. பொறுப்பு வந்துவிடுமோ என்ற அச்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சென்னை பார்த்திருக்கிறது. 2012-ல் '3' படத்தின் திருட்டுப் பிரதிக்கு எதிரான உயர் நீதிமன்ற ஆணையைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களையே முழுதாக அடைத்தன. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் தடுத்தால் போதும் என்று நீதிமன்றம் விளக்க வேண்டியதாயிற்று.

ஆனால் சேலை பேச்சல்ல, சரக்கு. கமிஷன், விளம்பரக் கட்டணம், கிடங்கு வாடகை என்று எல்லாவற்றிலும் வாங்கிக்கொண்டு, 'நான் வெறும் தபால்காரர்' என்பது எப்படி எடுபடும்? 2018-ல் ஆடம்பரக் காலணி நிறுவனமான லூபுட்டானின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி பிரதிபா சிங் இதுபோன்றவற்றைத்தான் கணக்கில் எடுத்தார். 2020-ல் ஆம்வே வழக்கில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, விற்பனையில் பங்கெடுக்கும் இடைத்தரகர், வெறும் இடைத்தரகர் என்ற வேறுபாடு 79-வது பிரிவில் இல்லை என்றது. சட்டத்தின் எழுத்துக்கு அது பொருந்தலாம். நியாயம் தனி நீதிபதியின் பக்கம்தான்.

லூபுட்டானுக்கு வழக்கறிஞர்கள் உண்டு. கூலிக்கு நெய்பவருக்கு? புவிசார் குறியீட்டு வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே போட முடியாது. பாவைத் தறியில் விட்டுவிட்டு வாய்தாவுக்கு அலைய வேண்டும். தளத்தில் உள்ள படத்தைப் பார்த்து எதுவும் நிரூபிக்கவும் முடியாது; விசைத்தறியில் நெய்ததும் அசல் பட்டாக இருக்கலாம், நூலைக் கொளுத்திப் பார்த்தாலும் தறி எதுவென்று தெரியாது.

புகார் வந்ததும் நீக்கு என்று விதித்தால்? செல்போனில் நேரடியாக விற்கும் நெசவாளியின் மேல்தான் பெரிய வியாபாரி முதல் புகாரைக் கொடுப்பார். ஆகவே பொறுப்பு புகாருக்குப் பின் தொடங்கக் கூடாது, பட்டியலிடும்போதே தொடங்க வேண்டும். கமிஷன் வாங்கும் இணையச் சந்தைகள் பொதுவாக வங்கிக் கணக்கு விவரம் கேட்டுத்தான் விற்பவரைச் சேர்க்கின்றன; கமிஷன் போக மீதியை அனுப்ப அது வேண்டியிருக்கிறது. தலைப்பில் 'ஆரணி கைத்தறிப் பட்டு' என்று எழுதுபவரிடம் புவிசார் குறியீட்டுப் பயனாளர் பதிவு எண்ணையோ கூட்டுறவுச் சங்கத்தின் பெயரையோ கேட்க, பட்டியலிடும் படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் போதும்.