பொருளைத் தேர்ந்தவர் யார்?

காஞ்சிபுரத்தில் தறிவீடுகளுக்குத் தார் சுற்றிக்கொண்டே அம்மா எனக்குக் குர்ஆன் ஓதக் கற்றுத் தந்தார். பொருள் கேட்டால், "அது ஹஜரத்துக்குத்தான் தெரியும்" என்பார். பொருள் என்னிடம் வந்தது ஒரு பஞ்சாயத்தில். அடிபட்டு வந்த உறவுக்காரப் பெண்ணிடம் 4:34 வசனத்தைச் சொல்லி, கணவன் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

'அடியுங்கள்' என்று பலரும் பெயர்க்கும் அச்சொல்லின் வேர் 'ளரப'. அதே வேர் 4:101இல் பயணம் போவதையும் 14:24இல் உவமை சொல்வதையும் குறிக்கிறது. 2007இல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பில் லாலே பக்தியார் 'விலகிச் செல்லுங்கள்' என்று எழுதினார். அடி என்று கொண்ட பழைய உரையாசிரியர்களும் காயம்படாமல் என்று வரம்பு கட்டினார்கள். வரம்பு கட்டுவதும் விளக்கம்தானே?

தெளிவான வசனங்களும் பல பொருள் தருபவையும் உண்டு என்கிறது 3:7. அவற்றின் உட்பொருளை அறிந்தவன் இறைவன் மட்டுமா, அறிவில் தேர்ந்தவர்களுமா என்பது, அந்த வசனத்தை ஓதும்போது எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது.

அதற்காக எந்தப் பொருளும் செல்லுமா? செல்லாது. கோர்வைச் சேலையில் கரைக்கும் உடலுக்கும் வேறு வேறு நாடா. இரண்டும் பூட்டிக்கொள்ளாவிட்டால் சேலை நிற்காது. வசனமும் அப்படித்தான். தம்பதியரிடையே அன்பையும் கருணையையும் இறைவன் வைத்ததாக 30:21 சொல்கிறது. அடி அதோடு எப்படிப் பூட்டிக்கொள்ளும்?

புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கியது, பெண்ணின் வழக்கைப் பெண் இல்லாத அவை தீர்க்கக் கூடாது என்பதற்காக. பல பொருள் தரும் சொல்லில் ஒன்றைத் தேர்பவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். அடியைத் தேர்ந்தது அன்று அங்கே உட்கார்ந்திருந்த ஆண்கள். அதை இறைவன்மேல் சுமத்த அவர்களுக்கு உரிமை இல்லை. திரும்பிப் போனவளிடம் இதை அன்றே சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை.