குற்றவாளி கிடைத்தால்தான் குழந்தைக்குப் பணமா?

லண்டன் அப்பீல் கோர்ட் நீதிபதிகள் 2014 டிசம்பரில் ஒரு சங்கடமான கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. கர்ப்பமாக இருக்கும்போது அளவில்லாமல் குடித்த ஒரு தாய், வயிற்றிலிருந்த குழந்தைக்கு எதிராகக் குற்றம் செய்தாளா, இல்லையா?

கேஸ் போட்டது வடமேற்கு இங்கிலாந்தின் ஓர் உள்ளாட்சி நிர்வாகம். குழந்தைக்கு அப்போது ஏழு வயசு. அம்மா வோட்காவும் பீருமாகக் குடித்ததில் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறந்தவள். குற்றச்செயலால் காயப்பட்டவர்களுக்கு அங்கே அரசாங்கம் நஷ்டஈடு தரும். ஆனால், 'குற்றம்' என்று ஒன்று நடந்திருக்க வேண்டுமே! ஆக, குழந்தைக்குப் பணம் வேண்டுமென்றால் பெற்றவள் செய்தது குற்றம் என்று நிரூபித்தாக வேண்டும். 1861-ம் வருஷத்துச் சட்டத்தைப் பார்த்த நீதிபதிகள், கருவிலிருக்கும் சிசு 'இன்னொரு நபர்' ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். குற்றமும் இல்லை, நஷ்டஈடும் இல்லை.

தீர்ப்பு சரி என்பதுதான் என் கட்சி. ஆனாலும் என்னவோ போலிருக்கிறது.

இந்தப் பாதிப்பின் பெயர் ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர். தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகிறது. அதை வெளியேற்ற அந்தப் பிஞ்சுக் கல்லீரலுக்குத் திராணி கிடையாது. இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று எந்த டாக்டராலும் அளவு சொல்ல முடிவதில்லை. 1968-ல் பிரான்ஸில் லெமுவான் என்ற டாக்டர் 127 குழந்தைகளைப் பார்த்து எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1973-ல் அமெரிக்காவில், சியாட்டில் டாக்டர்கள் பெயர் வைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

மெல்லிய மேலுதடு, சின்னக் கண்கள் என்று முகத்தில் அடையாளம் இருந்தால்கூடப் பரவாயில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் தெரியாது. நன்றாகப் பேசும். நேற்று சொல்லிக்கொடுத்தது இன்று மறந்துவிடும். கையில் காசு தங்காது. இதைச் செய்தால் இது நடக்கும் என்பது புத்தியில் ஏறாது. வாத்தியார் 'திமிர்' என்பார். பக்கத்து வீட்டுக்காரர் 'வளர்ப்பு சரியில்லை' என்பார். வளர்ந்த பிறகு போலீஸ் வேறு பெயர் வைக்கும்.

முடிச்சு இங்கேதான். முகத்தில் அடையாளம் இல்லாத குழந்தைக்கு இதுதான் பிரச்னை என்று டாக்டர் உறுதிசெய்ய, 'ஆமாம், குடித்தேன்' என்று பெரும்பாலும் அம்மாவே வாய் திறந்து சொல்ல வேண்டும். அதைக் குற்றம் என்று ஆக்கிவிட்டால் எவள் சொல்லுவாள்? ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டாள். தண்டனை தாய்க்கு என்று நினைப்போம். வைத்தியம் இல்லாமல் போவது குழந்தைக்கு.

சரி, கிளாஸை நிரப்பியது யார் என்று கேட்டால் கதை வேறு எங்கோ போகிறது. தென் ஆப்பிரிக்காவில், வெஸ்டர்ன் கேப் பகுதியின் திராட்சைத் தோட்டங்களில், கூலியில் ஒரு பகுதியை மட்டமான ஒயினாகவே ஊற்றிக் கொடுப்பார்கள். 'டாப்' என்று பெயர். 1960-களில் சட்டப்படி தடை வந்தும், 1990-கள் வரை சில தோட்டங்களில் நடந்தது. இந்தப் பாதிப்பு உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் அந்தப் பக்கத்து ஊர்களும் உண்டு. சில ஊர்களில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு மேல்!

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு பக்கம் வரவைப் பார்த்தால், பற்று எங்கே என்று தேடுவான். தோட்டக்காரர் கூலியில் மிச்சம் பிடித்தார் இல்லையா, அது எழுத்துக் கூட்டத் திணறுகிற ஒரு பிள்ளையின் பெயரில் பற்று விழுந்திருக்கிறது.

அதற்காகத் தாய்க்குப் பொறுப்பே இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. தெரிந்தே குடித்தவள் உண்டு. கர்ப்பம் என்றே தெரியாமல் முதல் சில வாரங்கள் குடித்தவள் உண்டு. விட முடியாமல் தவித்தவளும் உண்டு. பொறுப்பு வேறு, ஜெயில் வேறு.

என் சண்டை அந்த நஷ்டஈட்டு விதியோடுதான். கால் ஒடிந்த குழந்தைக்கு மாவுக்கட்டுப் போடும்முன் 'தள்ளிவிட்டது யாரு?' என்றா கேட்போம்? இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. சீக்கிரம் கண்டுபிடித்து, அடிதடி இல்லாத வீடும் பொறுமையான வாத்தியாரும் அமைந்தால், பிற்காலத் தொல்லைகள் குறையும். அதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும். 1999-லிருந்து செப்டம்பர் 9-ம் தேதி, காலை 9 மணி 9 நிமிஷத்துக்குப் பல நாடுகளில் மணியடித்து இதை நினைவுபடுத்துகிறார்கள். ஒன்பது மாதக் கர்ப்பத்துக்காக அந்த ஒன்பது. ஆரம்பித்து வைத்தவர்கள், இப்படிப்பட்ட குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்த பெற்றோர்.