வாசியில்லாக் காசு

சைவபாடசாலைகளிற் கற்பிக்கும் அன்பர்களே,

திருவீழிமிழலையில் நிகழ்ந்த சரித்திரமொன்றை நீவிர் பலமுறை மாணாக்கர்க்குச் சொல்லியிருப்பீர்கள். மழை பொய்த்து, நாடெங்கும் வற்கடம் பரந்தது. அக்காலத்தில் அத்தலத்திலே எழுந்தருளியிருந்த திருநாவுக்கரசு நாயனாருக்கும் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாருக்கும் சிவபெருமான் கனவிலே தோன்றி, அடியார்களின் பொருட்டு நாள்தோறும் ஒவ்வொரு காசு தருவோமென்று அருளினார். அவ்வாறே பலிபீடத்திற் காசு வைக்கப்பட்டது. இருவர் மடங்களிலும் அமுது சமைக்கப்பட்டது. பசித்தோர் வந்து உண்டனர்.

ஆயினும் ஒரு வேற்றுமை காணப்பட்டது. அப்பர் சுவாமிகள் மடத்திலே அடியார்கள் உரிய வேளையில் உண்டெழுந்தனர். பிள்ளையார் மடத்திலோ நாள்தோறும் பொழுது தாழ்ந்தது. பிள்ளையார் மடைப்பள்ளியாரை அழைத்துக் காரணம் வினாவினார். அப்பரது காசைக் கடைக்காரர் உடனே ஏற்பர் என்றும், நமது காசுக்கு வாசி கேட்பர் என்றும் அவர்கள் விண்ணப்பித்தனர். வாசியென்பது காசு மாற்றும்போது கழிக்கப்படும் வட்டம். அப்பர் உழவாரப்படை ஏந்திக் கைத்தொண்டு செய்பவராதலின் அவர் பெறுங் காசு குற்றமற்றதாயிற்று என்பதைப் பிள்ளையார் உணர்ந்தார். உணர்ந்து, பெருமானைப் பாடி, வாசியில்லாக் காசு பெற்றார். அன்றுமுதல் இரு மடங்களிலும் ஒரே வேளையில் அமுது நடந்தது.

இச்சரித்திரத்தை எடுத்துரைப்போர் பெரும்பாலும் காசு தோன்றிய அற்புதத்திலே நின்றுவிடுவர். நாம் சற்றே நிற்க விரும்புவது அமுது தாழ்த்த இடத்திலாம். உணவு இல்லையென்று எவரும் திரும்பவில்லை, தாழ்த்தது மட்டுமே. அதனைப் பிள்ளையார் பொறுத்திலர். அவர் கடைக்காரரை நோகவில்லை, சமையற்காரரைக் கடியவில்லை. ஏன் தாழ்த்தது என்று வினாவித் தமது காசையே நோக்கினார். பசித்த பிள்ளைகளுக்கு உதவி புரியும் நம் சங்கங்களும் ஆலய பரிபாலன சபைகளும் பாடசாலைகளும் தம் காசை அவ்வாறு நோக்குகின்றனவா?

நோக்கினால் வாசி பலவாகத் தோன்றும். நாம் இளமையில் ஒரு மிஷன் பாடசாலையிற் கற்றவரேம்; ஆதலின் அப்பக்கத்துச் செய்தியையும் ஒளியாது சொல்லுதல் கடன். வட்டுக்கோட்டையில் 1823லும் உடுவிலில் 1824லும் அமெரிக்க மிஷனார் விடுதியோடு கூடிய கல்விச்சாலைகளைத் தொடங்கினர். ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் உடையும் கல்வியும் கொடுத்தனர். அது பெருந்தருமமே, மறுப்பாரில்லை. ஆயின் பிள்ளையொன்றின் செலவை ஏற்றுக்கொண்ட அமெரிக்கச் செல்வர் பெயரே அப்பிள்ளைக்கு இடப்பட்ட வழக்கும் அவர்களிடத்து இருந்தது. தாய் தந்தையர் இட்ட பெயர் போயிற்று, சமயமும் போயிற்று. இதனைக் குறித்து நம்முன்னோர் வருந்தியதில் நியாயமுண்டு.

வருந்தியதோடு நின்றவர்களும் உளர். எழுந்து செய்தவர்களும் உளர். மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்தும் வந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆரம்பித்தார்கள். யாழ்ப்பாணத்திற் பஞ்சம் வந்தபோது 1877இல் கஞ்சித்தொட்டி நடாத்தி ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார்கள். மட்டக்களப்பிலே சுவாமி விபுலாநந்தரும் மிஷன் பாடசாலைகளிற் கற்றவரே. கல்லடி உப்போடையில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தை நாடறியும்.

இனி நம் காலத்து வாசியைச் சொல்லுவோம். ஒரு சபை 50 பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுக்கின்றது. பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிறுத்தப்படுகின்றனர். பிரமுகர் வருந்துணையும் காத்திருக்கின்றனர். பையின் ஒரு காதைக் கொடுப்பவரும் மறு காதைப் பிள்ளையும் பிடித்தபடி படம் எடுக்கப்படுகின்றது. அப்படம் அன்றிரவே கைத்தொலைபேசிகளில் உலகெங்கும் போகின்றது. மறுநாள் வகுப்பிலே சகமாணாக்கரும் அதனைக் காண்கின்றனர். அமெரிக்கச் செல்வர் பெயரை இட்டனர்; நாம் ஏழையென்னும் பெயரை இடுகின்றோம். எது பெரிய குற்றமென்று நாம் துணிந்து சொல்லமாட்டோம்.

மற்றொரு வாசி இதனினும் ஆழமானது. தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் தேவஸ்தானத்திலே சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் பெண்பிள்ளைகளுக்கென அமைத்த இல்லம், போரினாலும் வறுமையினாலும் ஆதரவிழந்தோர்க்குத் தாய்வீடாயிற்று. அத்தகைய இல்லங்களை நாம் கைகூப்பி வணங்குகின்றோம். ஆயினும் நம் நாட்டுச் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளிற் பெரும்பாலோர்க்குத் தாய் தந்தையருள் ஒருவரேனும் உயிரோடிருக்கின்றனர் என்பதை நீவிர் அறிவீர்களா? அநாதை என்று நாம் எளிதிற் சொல்லுகின்றோம். அப்பிள்ளைகளுட் பலரை வீட்டினின்றும் பிரித்தது மரணமன்று, அரிசியும் கடனுமே. வீட்டிலே தீங்கு நேரும் பிள்ளைக்கு இல்லம் வேண்டும். ஒருவரும் இல்லாத பிள்ளைக்கும் வேண்டும். வறுமையொன்றே காரணமாயின், இல்லத்திலே அப்பிள்ளைக்காகும் செலவில் ஒரு பங்கைத் தாயின் கையிற் கொடுத்து நோக்கலாகாதா?

இவ்விடத்தில் எமது பிழையொன்றைச் சொல்லவேண்டியிருக்கின்றது. சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பிலே ஒரு பையன் புதன்கிழமைதோறும் வாராதொழிந்தான். மற்ற நாட்களிற் கணக்கிலே முதல்வன். நாம் காரணம் வினாவினோம், அவன் வாய்திறந்திலன். பிடிவாதமென்று எண்ணி வகுப்பிற்கு வெளியே நிறுத்தினோம். எல்லாருங் கேட்கக் கடிந்தோம். ஒரு தவணை கழிந்தபின் அவன் வரவேயில்லை. வவுனியாவில் ஒரு கடையில் வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்வியுற்று அவன் வீடு சென்றோம். அங்கேதான் அறிந்தோம்: நுண்கடன் கொடுத்தோர் புதன்கிழமைதோறும் தவணைக்கு வருவராம். கொடுக்க இல்லாத நாளிலே தாய் அயல்வீட்டில் ஒளிந்திருப்பார். அம்மா இல்லை என்று சொல்லப் பையன் படலையில் நிற்பான். தங்கை அதற்குள் ஓர் இல்லத்திற் சேர்க்கப்பட்டிருந்தாள். அத்தாய் எம்மை நோகவில்லை. “வாருங்கோ மாஸ்ரர், இருங்கோ” என்று ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். நாம் அதிலே எவ்வாறு இருந்தோமென்பதைச் சிவபெருமானே அறிவார்.

ஒரு பாதம் நடந்து சென்று வினாவியிருந்தால் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அறிந்திருக்கக்கூடியதை, எல்லாம் முடிந்தபின் அறிந்தோம். அமுது தாழ்த்தது.

சிலர் சொல்லுவர்: அவரவர் வறுமை அவரவர் வினைப்பயன், அதனை மாற்ற நாம் யார்? சித்தாந்தம் கற்றவர் வாயிலும் இவ்வுரை வருதல் கண்டு வியக்கின்றோம். வினையை ஊட்டுபவர் சிவபெருமான். அவ்வதிகாரத்தை நம்மிடம் அவர் ஒப்பித்தாரல்லர். வற்கடமும் வினைப்பயனே எனினும் அவரே காசு கொடுத்தார் என்பதை மறத்தல் கூடாது. பிள்ளையின் பசி அவன் பிராரத்தமாயின், கண்டும் காணாதுபோகும் நமது செயல் நமக்கு ஆகாமியமாய் ஏறுகின்றது. அவனுடைய பழங்கணக்கைக் காட்டி நாம் புதுக்கணக்கு எழுதுகின்றோம்.

வேறு சிலர், உபாத்தியாயருக்கே வேதனம் போதாதபோது தருமம் எங்ஙனம் செய்வது என்பர். இதிலே உண்மை உண்டு. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே அரிசி விலை ஏற, காலைப் பிரார்த்தனையில் மயங்கிய பிள்ளைகளைத் தாங்கிய உபாத்தியாயர்களும் காலையுணவின்றி வந்தவர்களே. நாம் கேட்பது காசன்று. அப்பரிடத்துங் காசு இருந்ததில்லை. கையிலே உழவாரம் இருந்தது. நம் கையிலே இருப்பது வரவு இடாப்பு.

ஊரிலே எவ்வீட்டில் அடுப்பெரியவில்லை என்பதைக் கிராம அலுவலருக்கு முன்னும், ஆலய தர்மகர்த்தாவுக்கு முன்னும் அறிவிப்பது அவ்விடாப்பு. வெங்காயம் பிடுங்குங் காலத்தில் வாராத பையன், தம்பியைப் பார்க்க வீட்டில் நிற்கும் பெண்பிள்ளை, பணம் கொண்டுவரவேண்டிய நாளில் மட்டும் காய்ச்சல் காணும் பிள்ளை ஆகிய இவர்கள் எல்லாரும் அதிலே எழுதப்பட்டிருக்கின்றனர். 5 வயது முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்றிருந்த விதி 2016இல் 16 வயது வரை நீட்டப்பட்டது. இவ்விதியைத் தாயை வெருட்டும் பிரம்பாக அன்றி, பிள்ளைக்கு உரிமை கேட்கும் சீட்டாகக் கொள்ளல் தகும். 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவி தகுதியிருந்தும் கிடையாத வீடுகள் உள. மேன்முறையீடு எழுதத் தெரியாமையே சிலவற்றிற்குக் காரணம். எழுதிக்கொடுக்க நம்மாலாகும். வறுமையன்றிக் கொடுமையே காணப்படுமிடத்தில் நாம் தனியே நடுவராதல் கூடாது. பிரதேச செயலகத்துச் சிறுவர் உத்தியோகத்தரிடமோ, 1929 என்னும் தொலைபேசி இலக்கத்திலோ உடனே அறிவித்தல் வேண்டும்.

பொருளுதவிக்கும் நம்மிடம் பழைய வழியொன்று உண்டு. உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை வேறு கலத்திலிட்டு வைக்கும் பிடியரிசி வழக்கம் நம்மூர்களிற் பாடசாலைகளையும் மடங்களையும் தாங்கியது. வெள்ளிக்கிழமைதோறும் ஆலயத்திலே அதனைச் சேர்த்துத் தேவையுள்ள வீட்டுக்குப் பொழுதுபட்டபின் அனுப்பலாம். கொண்டுசெல்பவர் ஒருவரே அறியட்டும். ஏட்டிலே வீட்டின் பெயர் வேண்டா, அளவு போதும். கணக்கு மட்டும் சபையிலே ஒழுங்காக வாசிக்கப்படவேண்டும், ஏனெனிற் கணக்கில்லாத தருமம் ஓராண்டு தாண்டாதென்பதை நாம் பல சங்கங்களிற் கண்டோம்.

வருந்தவணையின் முதலாம் நாளிலே இடாப்பை எடுத்து, சென்ற தவணையில் ஒரே கிழமைநாளில் மும்முறைக்குமேல் வாராத பிள்ளைகளின் பெயரை ஒரு தாளில் எழுதுக. அத்தாளை வகுப்பிலே வாசிக்கற்க. பாடசாலை விட்டபின் முதற் பெயருக்குரிய வீட்டுக்கு நடந்து செல்க. படலையில் நின்று தாயை அழைத்து, பிள்ளையின் கெட்டித்தனம் ஒன்றை முதலிற் சொல்லுக. மற்றதைத் தாய் சொல்லுவார்.

திருச்சிற்றம்பலம்.