காப்பதற்காகக் கொல்லலாமா?

ஓர் உயிரைக் காக்கும் பொருட்டு மற்றோர் உயிரைக் கொல்வது அறமாகுமா என்னும் வினா நமக்குப் புதியதன்று. நம் ஆசாரியர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனை எடுத்துக்கொண்டு விடை கூறியுள்ளனர். ஆயினும் இன்று இவ்வினா இயற்கைப் பாதுகாப்பு என்னும் நல்ல பெயரோடு வருவதால், நம்மில் பலர் அதனை அடையாளம் காணத் தவறுகின்றனர். ஆகவே ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராய்வோம்.

பிரிட்டனில் நாட்டுப்புறக் குடும்பங்கள் தம் இல்லத்திலேயே வழிப்போக்கர்க்குப் படுக்கையும் காலைச் சிற்றுண்டியும் விலைக்கு அளிப்பது நெடுநாள் வழக்கம். உழவில் வரும்படி குறைந்த குடும்பங்களுக்கு இது கைகொடுக்கிறது. இவ்வழக்கத்தின் பெரியதொரு வளர்ச்சியைத் தென் இங்கிலாந்தில், மேற்கு சஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள நெப் என்னும் பண்ணையில் காண்கிறோம். ஏறத்தாழ 3500 ஏக்கர் பரப்புள்ள அந்நிலம் பல தலைமுறைகளாக ஒரே குடும்பத்தின் உடைமை. இன்று அதனை நடத்துபவர்கள் சார்லி பரல் என்பவரும், அவர் மனைவியும் எழுத்தாளருமான இசபெல்லா ட்ரீ அம்மையாரும் ஆவர். அந்நிலம் கெட்டியான களிமண். மழைக்காலத்தில் சேறு, கோடையில் பாறை. உரமிட்டும் மருந்தடித்தும் இயந்திரங்கள் வாங்கியும் கடனே மிஞ்சியதால், 2000-ஆம் ஆண்டில் கறவை மாடுகளையும் கருவிகளையும் விற்றுவிட்டு, உழவையே நிறுத்தினர். பின்னர்ப் படிப்படியாக உள்வேலிகளை அகற்றி, நீள்கொம்பு மாடுகள், எக்ஸ்மூர் குதிரைகள், டாம்வொர்த் பன்றிகள், மான்கள் ஆகியவற்றை விட்டு, நிலத்தை அதன் போக்கில் வளர விட்டனர். 2014 முதல் அங்குக் கூடாரங்களிலும் மரவீடுகளிலும் விருந்தினர் தங்குகின்றனர். இவ்வரலாற்றை அம்மையார் 2018-இல் நூலாகவும் எழுதியுள்ளார்.

அங்கு நிகழ்ந்தவை வியப்புக்குரியன. பன்றிகள் மூக்கால் கிளறிய ஈரமண்ணில் சாலோ என்னும் மரத்தின் விதைகள் முளைத்தன. அதன் இலையை உண்டு வளரும் ஊதாப் பேரரசன் வண்ணத்துப்பூச்சி, வேறெங்கும் அரிதாகிவிட்ட நிலையில், இங்குப் பெருந்திரளாகப் பறக்கிறது. மாடும் மானும் மேயவியலாத முட்புதர்களின் காவலில் ஓக் மரக்கன்றுகள் தழைத்தன. அப்புதர்களிலேயே நைட்டிங்கேல் பறவை கூடு கட்டியது. நாடெங்கும் அருகிவரும் டர்ட்டில் புறா திரும்பியது. 2020-இல் செங்கால் நாரை குஞ்சு பொரித்தது. பிரிட்டனில் அப்பறவை தன்னியல்பாகக் குஞ்சு பொரித்ததாக அதற்கு முன் உள்ள பதிவு 1416-ஆம் ஆண்டுக்குரியது! உயிர்கள் ஒன்றுக்கொன்று துணை என்று தத்துவார்த்த சூத்திரம் உரைக்கும் உண்மைக்கு இதைவிடத் தெளிவான பாடம் வகுப்பறையில் கிடைப்பது அரிது. ஏரின் கொழுவில் மடியும் புழுக்களையும், நச்சு மருந்தில் மடியும் பூச்சிகளையும் எண்ணிப் பார்த்தால், உழவை நிறுத்திய அக்குடும்பத்தார் அறிந்தோ அறியாமலோ கணக்கற்ற உயிர்களுக்கு அபயம் அளித்தவராவர். இதனை மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. பிரிட்டனில் ஓநாயும் கரடியும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிக்கப்பட்டுவிட்டன. ஊனுண்ணும் பெருவிலங்குகள் இல்லாத நிலத்தில் மாடும் மானும் பன்றியும் பெருகிக்கொண்டே போகும்; பெருகினால் புதர்கள் அழியும், புதர்கள் அழிந்தால் பறவைகள் போகும். எனவே ஆண்டுதோறும் ஒரு பகுதி விலங்குகளைக் கொன்று, அவற்றின் ஊனை விற்கின்றனர். எடைக்கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 75 டன் என்கின்றனர். அவ்விலங்குகள் மருந்தும் தீவனக்கூடமும் அறியாமல் திரிந்து வாழ்ந்தவை ஆதலால், அவ்வூன் குற்றமற்றது என்பது அவர்தம் வாதம். நல்வாழ்வு, விரைவான மரணம், அதனால் பிற உயிர்க்கு வாழ்வு: இம்மூன்றும் சேர்ந்தால் குறை என்ன என்று கேட்கின்றனர். இங்கிலாந்தில் வாழும் நம் பிள்ளைகளிடமும் இவ்வாதம் செல்வாக்குப் பெற்று வருகிறது. 'இயந்திரம் உழுத வயலின் கோதுமையைவிட இவ்வூனில் கொலை குறைவல்லவா' என்று அவர்கள் கேட்கும்போது, நாம் சினந்து பயனில்லை. விடை கூற வேண்டும்.

பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அமிர்தசந்திராசாரியர், தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில், இவ்வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்துள்ளார். சிற்றுயிர் பலவற்றின் அழிவால் வரும் உணவைவிடப் பேருயிர் ஒன்றின் கொலையால் வரும் உணவு மேல் என்று எண்ணாதே என்கிறார். ஒன்றைக் கொன்றால் பல பிழைக்கும் என்று கொடிய விலங்கையும் கொல்லாதே என்கிறார். துன்புறும் உயிரைக் கொன்றால் அதன் துன்பம் விரைவில் தீரும் என்னும் எண்ணத்தையே ஒரு வாளாகக் காண்கிறார். தானே இறந்த எருமை, எருது ஆகியவற்றின் ஊனிலும் நுண்ணுயிர்கள் தோன்றி மடிதலால் குற்றம் நீங்காது என்றும் உரைக்கிறார். நெப் பண்ணையை அவர் கண்டதில்லை. எனினும் அதன் வாதங்களுள் அவர் காணாதது ஒன்றேனும் உண்டா? 'தாம் கொல்லவில்லை, பிறர் கொன்றதை வாங்கியே உண்கிறோம்' என்று கூறித் தப்ப நினைப்போர்க்கு, பௌத்தரோடு வாதிடுமிடத்தில் நீலகேசி முன்னரே விடை தந்துவிட்டது.

உழவனின் வினைக்கும் இவ்வினைக்கும் வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை. ஏர் ஓட்டுகையில் மடியும் உயிர் உழவனின் நோக்கமன்று. அது தொழில்வழி நேரும் இம்சை. இல்லறத்தார் அதனை முழுதும் தவிர்க்கவியலாது, குறைத்துக்கொள்ளலாம். குறித்த ஒரு விலங்கைத் தேர்ந்து கொல்வதோ சங்கல்ப இம்சை. இதனை இல்லறத்தாரும் அறவே விலக்க வேண்டும் என்பது நம் நெறி. 75 டன் என்று எண்ணும்போது உயிர் மறைந்துவிடுகிறது என்பதையும் கவனிக்க.

எதிர்வாதம் ஒன்று வலிமையானது. அதனை மறைத்தல் நேர்மையன்று. நெதர்லாந்தில் ஓஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் என்னுமிடத்தில் வேலிக்குள் மாடு, குதிரை, மான்களை விட்டுப் பெருக விட்டனர். 2017–18 குளிர்காலத்தில் உணவின்றி 3000-க்கும் மேற்பட்ட விலங்குகள் மாண்டன. அவற்றுள் பெரும்பாலானவை பட்டினியால் சாகுமுன் காவலரால் சுடப்பட்டவையே. மக்கள் கொதித்தெழுந்து வேலியோரம் வைக்கோலை வீசினர். 'கொல்லாமல் விட்டால் இதுதான்' என்று அதனைச் சுட்டுகின்றனர்.

எம் கருத்தில், துப்பாக்கியை மட்டும் நோக்குவதால் வரும் மயக்கம் இது. வேலியை இட்டவர் யார்? விலங்குகளை உள்ளே கொணர்ந்து இனம்பெருக விட்டவர் யார்? ஓடிப்போக வழியின்றி அடைத்துவைத்தபின், 'பட்டினியா, குண்டா' என்று கேட்பது அவ்விலங்கு தேர்ந்த நிலை அன்று. கொணர்ந்த அன்றே அவற்றின் முதுமைக்கும் பெருக்கத்துக்கும் பொறுப்பு வந்துவிடுகிறது. பிறப்பைத் தடுக்கும் வழியும் இல்லாமலில்லை. அமெரிக்காவின் அசடீக் தீவில் 1994 முதல் காட்டுக்குதிரைகளுக்குக் கருத்தடை ஊசியைத் தொலைவிலிருந்தே செலுத்திப் பெருக்கத்தை அடக்கியிருக்கின்றனர். அது செலவும் உழைப்பும் மிக்கது. ஊன்விற்பனையோ வருமானம் தருவது. தராசின் தட்டு எப்பக்கம் சாய்கிறது என்று கூற வேண்டுவதில்லை.

நம்மவரும் எல்லா முடிச்சையும் அவிழ்த்தவர் அல்லர். தில்லிச் சாந்தினி சௌக்கில் உள்ள நம் பறவை மருத்துவமனையில், ஊனுண்ணும் பறவைகட்கு மருத்துவம் செய்து அனுப்பிவிடுவார்களே தவிர உள்ளே தங்கவைப்பதில்லை. பருந்துக்கு என்ன உணவு தருவது? பாஞ்சராபோல்களில் முதிய மாடுகளை இயற்கை முடிவுவரை காக்கிறோம். அவ்வாறு காக்க எவ்வளவு நிலமும் பொருளும் வேண்டுமென்பதும் நாம் அறிந்ததே. ஆகவே நெப் குடும்பத்தாரைக் கொடியவர் என்று கூறும் எண்ணம் எமக்கில்லை. ஆயினும் அவர்தம் கணக்கில் விடுபட்டதைச் சொல்லாமலிருப்பதும் முறையன்று.

இனி, நம் பிள்ளைகள் அத்தகைய இடத்தில் சென்று தங்கலாமா? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று வாயில்கள் வழியாக வினை வருகிறது. அங்கே ஊனை வாங்குதல் ஐயமின்றிச் செய்வித்தலாகும். கூடாரத்துக்குத் தரும் வாடகை அத்தகையதன்று. விருந்தினர் வருமானம் பெருகினால் ஊன்விற்பனையின் தேவை குறையவும் வழியுண்டு, பண்ணையார் மனம் வைத்தால். உடன்படுதல்தான் நுட்பமானது. நாரையைக் கண்ட மகிழ்ச்சியில் 'எல்லாம் சரியே' என்று சொல்லிவிட்டு வருவது மிக எளிது.

நைட்டிங்கேல் பாடுவது வசந்தத்தில், மே மாதத்தையொட்டி. அப்போது போகட்டும். அரிசியும் பருப்பும் கொண்டுசென்று தாமே சமைத்துக்கொள்ளட்டும். வழிகாட்டுவோரிடம், பணிவோடும் தெளிவோடும், இவ்வாண்டு எத்தனை விலங்குகள் கொல்லப்பட்டன, பிறப்பைக் கட்டுப்படுத்த என்ன முயன்றீர்கள் என்று கேட்கட்டும். விடையை எமக்கும் எழுதி அனுப்பினால் அடுத்த இதழ்களில் வெளியிட இயலும்.