அப்பா பெயருக்கு வந்த இன்லண்ட்

அப்பா பெயருக்கு வந்த பாங்க் தபால், இன்சூரன்ஸ் நோட்டீஸ் எதையும் பிரிக்க நான் யோசிக்கவில்லை. வாரிசுச் சான்றிதழுக்கு அலைகிறவளுக்கு அதற்கெல்லாம் நேரமேது. அவருடைய நண்பர் எழுதிய இன்லண்ட் லெட்டர் வந்தபோதுதான் கை தயங்கியது.

அப்பா காந்திகிராமத்தில் கதர் வேலை பார்த்தவர். நண்பரும் அந்தக் காலத்துச் சர்வோதய ஊழியர். கருமாதிக் கார்டு போட முகவரி எங்களிடம் இல்லை. சாவு அவருக்குத் தெரியாது.

“பிரிச்சுப் பாருக்கா, கொடுக்கல் வாங்கல் ஏதாச்சும் இருக்கும்” என்றான் தம்பி.

“உனக்கா எழுதியிருக்காரு?” என்றாள் அம்மா.

பாங்க் டெபாசிட்டுக்கு நான்தான் நாமினி. பணம் என் கைக்கு வந்தாலும் எனக்கே சொந்தமாகிவிடாது. 2010இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பங்கு பிரிக்கும்வரை நான் வெறும் காவல். பணக்காரர்களைப் பார்த்து காந்தி சொன்ன தர்மகர்த்தா முறையை அவர்கள் எவ்வளவு கேட்டார்களோ, சாவு வீட்டில் அது சட்டமாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. காந்தியோ 1940இல் எழுதிய உயிலில் தனக்குச் சொத்தே கிடையாது என்றார். உலகமும் சட்டமும் தன்னுடையது என்று கருதக்கூடியதெல்லாம், பதிப்புரிமை உட்பட, நவஜீவன் அறக்கட்டளைக்கு என்று எழுதிவைத்தார். அப்படியும் அவர் பிறருக்கு எழுதிய கடிதங்களின் தாள் அவருடையதல்ல. வாசகம் எழுதியவருக்கு, தாள் பெற்றவருக்கு. அந்தக் கணக்கில் இந்த இன்லண்டில் எங்களுக்கு வந்திருப்பது தாள்தான்.

அமாவாசைக்கு அமாவாசை அப்பா பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுகிறவன் தம்பி. அது அவருக்குப் போய்ச் சேருகிறதென்றால் அவருக்கு வருகிற தபாலும் அவருடையதுதானே? சேரவில்லையென்றால் எதற்கு விடுகிறாய் என்று கேட்டேன். “அது வேற, இது வேற” என்றான். பெரிய பெரிய ஆத்திகர்களும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். எனக்கும் இதைவிட நல்ல பதில் கிடைக்கவில்லை. ஆத்மா எங்கே போகிறது என்று தெரிந்த பிறகுதான் காகிதத்தைத் தொடுவேன் என்றால் எந்தச் சாவு வீட்டிலும் ஒரு ஃபைல் நகராது.

அதனால் போனவரை விட்டுவிட்டு இருக்கிறவரைப் பார்த்தேன். அப்பாவை நம்பிச் சொன்னதை மகள் படிக்கலாமா என்று எழுதியவர்தான் சொல்ல வேண்டும். இன்லண்டின் பின்பக்கம் இருந்த முகவரிக்குக் கார்டு போட்டேன்: அப்பா இறந்த தேதி, கடிதம் பிரிக்காமல் இருக்கிறது, திருப்பி அனுப்பவா, படிக்கவா. ஓரத்தில் கருப்பு மை தடவவில்லை. மை தடவிய கார்டை எங்கள் பக்கத்தில் படித்த கையோடு கிழித்துவிடுவார்கள். கேள்வியும் அதோடு போய்விடும்.

“கடன் இருந்தா?” என்றான் தம்பி மறுபடியும். இருந்தால் அவரே கேட்கட்டும், பங்கு பிரிக்கும் முன்பே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றேன்.